பட்டத்துக்கு யார் சாட்சி?

உயர்தரப் பெறுபேறு வெளிவருகிற கிழமைகளில் எங்கட ஊர்களில் ஒரு புதுப் பருவம் தொடங்கும். ரியூட்டரி மதில்கள், பஸ் நிலையப் பலகைகள், முகநூல் பக்கங்கள் எல்லாவற்றிலும் பட்டமளிப்புத் தொப்பி போட்ட பிள்ளையளின் சிரித்த முகங்கள். கீழே பெரிய எழுத்தில்: சர்வதேச அங்கீகாரம் பெற்ற வணிக முகாமைத்துவப் பட்டம். அதற்கும் கீழே, தவணைமுறையில் கட்டலாம் என்ற வசதி.

எங்களோடு ஒன்றாகப் படித்த நண்பி ஒருத்தி வர்த்தகப் பிரிவில் பரீட்சை எழுதினவள். வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டாள். நாங்கள் கலைப்பீடத்துக்கு வந்தோம். அவள் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்தாள். அம்மாவின் தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் அடகுக்குப் போனது. நாங்கள் இன்னும் கடைசி வருசத்தில் இழுபட்டுக்கொண்டிருக்க, அவள் படித்து முடித்துவிட்டாள். பிறகு அரசாங்க வேலை ஒன்றுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். சான்றிதழைப் புரட்டிப் பார்த்த அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார்: "பிள்ளை, இதை ஆர் அங்கீகரிச்சது?"

சான்றிதழின் மூலையில் மூன்று வட்ட முத்திரைகள் இருந்தன. அவற்றைக் காட்டியிருக்கிறாள். "இவையை ஆர் அங்கீகரிச்சது?" எண்டு அவர் திருப்பிக் கேட்டாராம்.

வீட்டுக்கு வந்து எங்களிடம் கேட்டாள்: "நீங்கள் கெம்பஸ் பிள்ளையள் தானே, உங்களுக்குத் தெரியாதோ? அங்கீகாரம் எண்டால் என்ன?" எங்களுக்குச் சரியான பதில் தெரியவில்லை. வரலாறு படிக்கிறவர்கள் என்ற வெட்கத்தில் தேடத் தொடங்கினோம். தேடினதில் முதலில் பிடிபட்டது இதுதான்: 'அங்கீகாரம்' என்ற ஒரே சொல்லுக்குள் நாங்கள் மூன்று வெவ்வேறு விசயங்களைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறோம். பட்டம் வழங்குவதற்கான சட்ட அனுமதி ஒன்று. படிப்பின் தரத்துக்கு வெளியார் தரும் சான்று இன்னொன்று. வேலை தருபவரோ தொழில்முறைச் சபையோ அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொள்வது மூன்றாவது. வரலாற்றில் இவை மூன்றும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காரணங்களுக்காகப் பிறந்தவை. ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

தரம் இருந்தது, சாசனம் இல்லை

முதல் உதாரணம் எங்கட வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. 1823 இல் அமெரிக்க மிசனரிகள் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்வி நிலையத்தைத் தொடங்கினார்கள். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். தமிழ், சமஸ்கிருதம், ஆங்கிலம், கணிதம், வானியல் என்று பாடங்கள் விரிந்தன. அவர்கள் நினைத்தது ஒரு கல்லூரி. ஆனால் அதற்கான சாசனத்தை அமெரிக்கர்களுக்குக் கொடுக்கப் பிரித்தானிய குடியேற்ற அரசுக்கு மனமில்லை. அதனால் அது 'செமினரி' என்ற பெயரோடு நின்றது.

படிப்பில் குறை என்று யாரும் சொல்லவில்லை. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், இந்த நிலையம் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்கது என்று எழுதினார். மதிப்பிட்டுப் பாராட்டியவர் அரசாங்கத்தின் உயர் அதிகாரி. பட்டம் கொடுக்கும் உரிமையைத் தராததும் அதே அரசாங்கம்தான். 1855 இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி மதமாற்றத்துக்குப் போதுமான பலன் தரவில்லை என்ற மிசன் தலைமையின் முடிவு அதற்குக் காரணம்.

இரண்டு வருசம் கழித்து, 1857 இல், சென்னைப் பல்கலைக்கழகம் உருவானது. அதன் முதல் பி.ஏ. பரீட்சையில் தேறியவர்கள் இரண்டு பேர்: சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த தாமோதரம்பிள்ளையை எங்களுக்குத் தெரியும். அவருடைய பட்டத்தின் கதையை நாங்கள் பெரும்பாலும் பெருமைக்காக மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். அதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வட்டுக்கோட்டையில் பெற்ற அறிவுக்குச் சாட்சி சொல்ல, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு புது நிறுவனம் பிறக்க வேண்டியிருந்தது.

சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அச்சில் வார்க்கப்பட்டது. 1836 இல் சாசனம் பெற்ற இலண்டன் பல்கலைக்கழகம் அப்போது பாடம் நடத்தும் இடமல்ல. வேறு கல்லூரிகளில் படித்தவர்களுக்குப் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கும் இடம். 1858 இல் வந்த புதிய சாசனம் இன்னும் ஒரு படி மேலே போனது. எங்கே படித்தாய் என்று கேட்காமல், பரீட்சையில் தேறினால் பட்டம் என்றது. படிப்பிக்கிறவர் ஒருவர், சாட்சி சொல்கிறவர் வேறொருவர் என்ற பிரிவினை அப்படி வந்தது. 1921 இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும் மாணவர்களை இலண்டன் பரீட்சைக்குத்தான் தயார்படுத்தியது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவான பிறகுதான் இந்தத் தீவு தன்னுடைய பெயரில் பட்டம் கொடுக்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்கு வளாகம் வர 1974 ஆனது. அந்த வளாகம் தன் விஞ்ஞான வகுப்புகளைத் தொடங்கியது வட்டுக்கோட்டையில் என்பது, கதையைச் சுற்றிக் கொண்டுவந்து அதே வாசலில் விடுகிறது.

சாசனம் இருந்தது, மதிப்பு இல்லை

இனி இதற்கு நேரெதிரான கதை. அமெரிக்காவில் வணிகக் கல்விக்குச் சட்ட அனுமதி ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. 1881 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் பள்ளி தொடங்கியது. இரும்பிலும் நிக்கலிலும் பணம் சேர்த்த ஜோசப் வார்ட்டன் 100,000 டொலர் கொடுத்தார். கொடுத்தவர் சும்மா கொடுக்கவில்லை. உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்றும் இறக்குமதி வரிக் கொள்கையை அங்கே படிப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துத்தான் கொடுத்தார். தரத்தை வெளியிலிருந்து யாரும் பார்க்காதபோது பாடத்திட்டத்தைப் பணம் எழுதும் என்பதற்கு, வணிகக் கல்வியின் தொடக்கமே ஓர் உதாரணம்.

பிறகு வரிசையாக வந்தன. 1898 இல் சிக்காகோவும் பேர்க்லியும், 1900 இல் டாட்மத் கல்லூரியின் டக் பள்ளி, 1908 இல் ஹாவார்ட் வணிகப் பள்ளி. எம்.பி.ஏ. என்ற மூன்றெழுத்து ஹாவார்டில் பிறந்தது. இந்தப் பல்கலைக்கழகங்களுக்குப் பட்டம் கொடுக்க முழு உரிமை இருந்தது. ஆனால் உள்ளேயே மதிப்பு இல்லை. இலத்தீனும் கிரேக்கமும் தத்துவமும் படிப்பித்த பேராசிரியர்களுக்கு, கணக்குப் புத்தகம் எழுதப் பழக்குவது பல்கலைக்கழக வேலையாகத் தெரியவில்லை. வெளியே தெருவுக்குத் தெரு தட்டச்சும் சுருக்கெழுத்தும் கணக்குவைப்பும் படிப்பிக்கிற தனியார் 'வணிகக் கல்லூரிகள்' வேறு நிறைந்திருந்தன. அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று சனம் கேட்டது. கேள்வி நியாயமானது.

வித்தியாசம் காட்ட வேண்டிய தேவையிலிருந்துதான் 1916 இல் 17 பல்கலைக்கழகங்களின் வணிகப் பள்ளிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. இன்றைக்கு ஏ.ஏ.சி.எஸ்.பி. என்று உலகம் முழுக்க அறியப்படுவது அதுதான். ஹாவார்ட், கொலம்பியா, யேல், பென்சில்வேனியா, சிக்காகோ என்று பெரிய பெயர்கள்தான் உறுப்பினர்கள். 1919 இல் முதல் தர நியமங்களை ஏற்றுக்கொண்டார்கள். மாணவரைச் சேர்க்கக் குறைந்தபட்சத் தகுதி என்ன, பட்டத்துக்கு எவ்வளவு பாடம் வேண்டும், முழுநேரப் பேராசிரியர்கள் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பது போன்ற விசயங்கள்.

இந்த இடத்தில் நாங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. இந்தச் சங்கத்துக்கு அரசாங்கம் அதிகாரம் கொடுக்கவில்லை. எந்தச் சட்டமும் பின்னால் இல்லை. 17 பேர் கூடி, 'நாங்கள் நல்லவர்கள், எங்களைப் போல் இருப்பவர்களும் நல்லவர்கள்' என்று சொன்னதுதான் தொடக்கம். ஊரில் சங்கக்கடை தொடங்குவதுபோல ஒன்று. ஆனால் உறுப்பினராகச் சேரும் விதியை ஏற்கனவே உள்ளே இருப்பவர்கள் எழுதினார்கள். தரச்சான்று என்பது அதன் பிறப்பிலேயே ஒரு வேலி. வேலி களவைத் தடுக்கும். அயலவனையும் தடுக்கும்.

இரண்டாவது வசனம் எவ்வளவு கனமானது என்பதை அதே காலத்து மருத்துவக் கல்வி காட்டுகிறது. 1910 இல் ஏப்ரகாம் பிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 மருத்துவப் பள்ளிகளைப் பார்வையிட்டு அறிக்கை எழுதினார். ஆய்வுகூடமே இல்லாத, காசு மட்டும் வாங்கிப் பட்டம் கொடுத்த பல பள்ளிகள் அதற்குப் பிறகு மூடுண்டன. நோயாளிகளுக்கு அது பெரிய நன்மை. அதே அலையில், கறுப்பின மாணவர்கள் படிக்கக்கூடியதாக இருந்த 7 மருத்துவப் பள்ளிகளில் 5 இல்லாமல் போயின. ஹோவார்டும் மெஹாரியும் மட்டும் மிஞ்சின. பிளெக்ஸ்னரின் அளவுகோல் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் அந்த அளவை எட்டுவதற்கான பணமும் கட்டடமும் எல்லாருக்கும் ஒன்றாகக் கிடைக்கவில்லை. தரம் பற்றிக் கதைக்கிற ஒவ்வொரு தடவையும் இந்தக் கணக்கு எங்களுக்கு ஞாபகம் வரவேண்டும்.

காசு வந்து ஒட்டிக்கொண்ட நேரம்

பல காலம் இந்தச் சங்கங்களின் சான்று ஒரு மரியாதையாக மட்டுமே இருந்தது. அதைப் பணத்தோடு முடிச்சுப் போட்டது போர். 1944 இல் அமெரிக்கா, போரிலிருந்து திரும்பும் சிப்பாய்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அரசாங்கக் காசு வருகிறது என்றதும் மழைக்கு முளைத்த காளான் மாதிரிப் பள்ளிகள் முளைத்தன. பெயர்ப்பலகையும் வாடகைக்கு ஒரு மண்டபமும் இருந்தால் போதும். சிப்பாயின் காசு போனது, படிப்பு வரவில்லை.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, கொரியப் போர் வீரர்களுக்கான 1952 ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நிபந்தனையைப் போட்டது. நம்பத்தகுந்த தரச்சான்று அமைப்புகள் எவை என்று அரசு ஒரு பட்டியல் வெளியிடும் என்றது. அதாவது, சாட்சிகளைச் சாட்சிப்படுத்தும் வேலையை அரசு கையில் எடுத்தது. 1965 இல் வந்த உயர்கல்விச் சட்டம் மாணவர் உதவிப் பணம் முழுவதையும் இதே ஏற்பாட்டோடு கட்டியது. நண்பியிடம் அந்த அதிகாரி கேட்ட இரண்டாவது கேள்வி, 'இவையை ஆர் அங்கீகரிச்சது' என்பது, உண்மையில் 1952 இல் அமெரிக்கா கேட்ட கேள்வி.

வணிகப் பள்ளிகளுக்கு அடி விழுந்தது 1959 இல். ஃபோர்ட் அறக்கட்டளைக்காகக் கோர்டனும் ஹோவெலும் ஓர் அறிக்கை, கார்னெகி அமைப்புக்காகப் பியர்சன் இன்னோர் அறிக்கை. இரண்டும் ஒரே வருசத்தில், ஏறத்தாழ ஒரே தீர்ப்போடு வந்தன. படிப்பு ஆழமில்லை, மாணவரின் தரம் குறைவு, சின்னச் சின்னத் தொழில் விசயங்களாகப் பாடங்கள் சிதறிக் கிடக்கின்றன என்றன. சங்கத்தின் சான்று இருந்த பள்ளிகளும் இந்த விமர்சனத்துக்குத் தப்பவில்லை. 40 வருசமாகத் தர நியமம் வைத்திருந்தும் தரம் வரவில்லை என்றால், அந்த நியமம் எதை அளந்துகொண்டிருந்தது?

மருந்தாகச் சொல்லப்பட்டது: கணிதம், புள்ளிவிபரவியல், பொருளியல், சமூக விஞ்ஞானம், ஆராய்ச்சி. அறக்கட்டளைப் பணம் அந்தத் திசையில் பாய்ந்தது. கலாநிதிப் பட்டம் பெற்ற விரிவுரையாளர்கள் வந்தார்கள். ஆய்விதழ்கள் பெருகின. தர நியமமும் அதற்கேற்ப இறுகியது. வணிகப் பள்ளி மரியாதைக்குரிய இடமாக மாறியது. ஆனால் ஊசல் மற்றப் பக்கம் போனது. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதத் தெரிந்தவருக்கு மதிப்பு. நன்றாகப் படிப்பிக்கிறவருக்கு, கடையை நடத்திப் பார்த்தவருக்கு இடமில்லை. ஆராய்ச்சிக்கு வசதியில்லாத சிறிய கல்லூரிகள் சான்றுக்கு வெளியே நின்றன. 1988 இல் அவை தங்களுக்கென்று, படிப்பித்தலை முதன்மைப்படுத்தும் வேறொரு தரச்சான்று அமைப்பைத் தொடங்கின. மூன்று வருசத்தில், 1991 இல், பழைய சங்கமும் தன்னுடைய விதியை மாற்றியது. எல்லாப் பள்ளியையும் ஒரே தடியால் அளக்காமல், ஒவ்வொரு பள்ளியும் தான் எதற்காக இருக்கிறேன் என்று எழுதித் தந்த நோக்கத்தை வைத்து அளப்பது என்ற முறை வந்தது.

ஆகவே 'தரம்' என்பது வானத்திலிருந்து விழுந்த ஒன்று அல்ல. 1919 இல் அது ஒன்று, 1959 க்குப் பிறகு இன்னொன்று, 1991 இல் வேறொன்று. ஒவ்வொரு தடவையும் வெளியே நின்றவர்களின் சத்தமோ உள்ளே வந்த பணமோ அதை மாற்றியிருக்கிறது.

மூன்று முத்திரை

அத்திலாந்திக்குக்கு இந்தப் பக்கத்தில் கதை வேறு மாதிரி. பரிசில் 1819 இலேயே ஒரு வணிகப் பள்ளி இருந்தது. பிரித்தானியாவோ 1960கள் வரை இதைப் பெரிதாக எடுக்கவில்லை. இலண்டன், மன்செஸ்டர் வணிகப் பள்ளிகள் 1960களின் நடுப்பகுதியில்தான் வந்தன. 1967 இல் எம்.பி.ஏ. பட்டதாரிகள் சிலர் தங்கள் பட்டத்தின் மதிப்பைப் பிரித்தானிய முதலாளிகளுக்குப் புரியவைக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். அது இன்றைய அம்பா. எம்.பி.ஏ. போன்ற பட்டப்பின் படிப்புகளுக்குச் சான்று தருவது அதன் வேலை. பின்னர், 1997 இல், பிரசல்ஸைத் தளமாகக் கொண்ட ஐரோப்பிய முகாமைத்துவ அமைப்பு ஈக்விஸ் என்ற சான்றை உருவாக்கியது. அதே வருசம் அமெரிக்கச் சங்கம் பிரான்சில் ஒரு பள்ளிக்குத் தன் சான்றைக் கொடுத்து ஐரோப்பாவுக்குள் வந்தது. அமெரிக்க அளவுகோல் ஐரோப்பியப் பள்ளிகளை அளக்கத் தொடங்கிய அதே நேரத்தில், ஐரோப்பா தன் சொந்த அளவுகோலைக் கையில் எடுத்தது.

இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் 'மும்முடி' என்று பெருமைப்படுகிறார்கள். உலகில் நூற்றுச் சொச்சம் பள்ளிகளிடம்தான் மூன்றும் இருக்கின்றன. இவற்றில் ஒன்றைப் பெறுவதே பல வருச வேலை. பள்ளி தன்னைப் பற்றித் தானே நீண்ட அறிக்கை எழுதவேண்டும். வேறு பள்ளிகளின் பீடாதிபதிகள் நேரில் வந்து மாணவரோடும் விரிவுரையாளரோடும் கதைப்பார்கள். கொடுத்த சான்றும் சில வருசத்தில் காலாவதியாகும், திரும்பப் பரிசோதனை. இதற்குக் கட்டணமும் உண்டு, அதுவும் டொலரிலும் யூரோவிலும். எங்களைப் போன்ற நாடுகளின் பல்கலைக்கழகங்களுக்கு ரூபாயில் சம்பளம் கொடுப்பதே பாடு.

பட்டம் இல்லாமலே மதிப்பு

இன்னொரு அயல் உதாரணத்தையும் சொல்லாமல் போகமுடியாது. இந்தியாவில் 1961 இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய முகாமைத்துவ நிறுவகங்கள் தொடங்கின. ஐ.ஐ.எம். என்றால் எங்கட ஊரிலும் தெரியும். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேலாக அவை பட்டமே கொடுக்கவில்லை! பல்கலைக்கழகமாகச் சட்டத்தால் அமைக்கப்படாமல், பதிவுசெய்யப்பட்ட சங்கங்களாக இருந்ததால் பட்டம் வழங்கும் உரிமை இல்லை. அவை கொடுத்தது பட்டப்பின் டிப்ளோமா. 2017 ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகுதான் எம்.பி.ஏ. என்ற பட்டத்தைத் தங்கள் பெயரில் கொடுக்கத் தொடங்கின. அதுவரை வேலை கொடுத்தவர்கள் யாரும் 'இது வெறும் டிப்ளோமா' என்று திருப்பி அனுப்பவில்லை.

வட்டுக்கோட்டைக்குத் தரம் இருந்தது, அனுமதி இல்லை. தொடக்க கால அமெரிக்க வணிகப் பள்ளிகளுக்கு அனுமதி இருந்தது, மதிப்பு இல்லை. ஐ.ஐ.எம்.களுக்கு மதிப்பு இருந்தது, பட்டம் இல்லை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எங்கட நாட்டுக் குழப்பம் விளங்கும்.

எங்கட சட்டம், எங்கட குழப்பம்

இலங்கையில் பட்டம் வழங்கும் உரிமை 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்திலிருந்து வருகிறது. 1985 இல் அதற்கு ஒரு திருத்தம் வந்து 25ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அரசுப் பல்கலைக்கழகம் அல்லாத ஒரு நிறுவனத்தையும், குறித்த ஒரு பட்டத்துக்காக, அமைச்சர் வர்த்தமானி மூலம் பட்டம் வழங்கும் நிறுவனமாக ஏற்கலாம். நாங்கள் கவனிக்கவேண்டிய இடம் 'குறித்த ஒரு பட்டத்துக்காக' என்பது. ஒரு நிறுவனத்தின் ஒரு கற்கைநெறிக்கு அனுமதி இருப்பதால், அதே கட்டடத்தில் நடக்கிற மற்றக் கற்கைநெறிக்கும் அனுமதி என்று அர்த்தமில்லை.

அனுமதி இருந்தாலும் மூன்றாவது படி தானாக வராது. மாலபே தனியார் மருத்துவக் கல்லூரி விவகாரம் அதைத்தான் காட்டியது. 25ஏ பிரிவின் கீழ் பட்டம் வழங்கும் அனுமதி இருந்தது. மருத்துவச் சபையோ, பயிற்சி போதாது என்று பட்டதாரிகளைப் பதிவுசெய்ய மறுத்தது. வழக்கு நீதிமன்றம் போனது, 2017 இல் வீதிப் போராட்டம் உச்சத்துக்குப் போனது, கடைசியில் மாணவர்களை வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றவேண்டி வந்தது. இலவசக் கல்விக்காகப் போராடினவர்கள் பக்கம் எங்கட மனம் நின்றாலும், அங்கே படித்த பிள்ளையளின் இழந்த வருசங்களை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

வெளிநாட்டுப் பட்டங்களில் சிக்கல் இன்னும் கூட. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, உலகப் பல்கலைக்கழகங்களின் சர்வதேசப் பட்டியல்களில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றை ஏற்கிறது. பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருப்பது, கொழும்பில் மூன்றாம் மாடியில் நடக்கிற வகுப்பின் தரத்துக்குச் சான்று அல்ல. மறுபக்கம், பட்டியலிலேயே இல்லாத 'பல்கலைக்கழகங்கள்' இருக்கின்றன. அவற்றுக்குச் சான்று கொடுப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட போலித் தரச்சான்று அமைப்புகளும் உலகத்தில் இருக்கின்றன. முத்திரை அச்சடிக்க அதிகம் செலவில்லை. நண்பியின் சான்றிதழில் இருந்த மூன்று வட்டங்களையும் இரவிரவாகத் தேடினோம். ஒன்று சும்மா ஓர் உறுப்பினர் சங்கம். சந்தா கட்டினால் யாரும் சேரலாம். மற்ற இரண்டின் பெயரும் எந்த நாட்டு அரசின் பட்டியலிலும் அகப்படவில்லை. அதை அவளிடம் சொன்ன நேரம் எங்களுக்குள் ஒருவருக்கும் வாய் எழவில்லை.

சரி, எங்கட பட்டம்?

இவ்வளவும் எழுதிவிட்டு, நாங்கள் அரசுப் பல்கலைக்கழகம், எங்களுக்குப் பிரச்சினையில்லை எண்டு நெஞ்சை நிமிர்த்தினால் அது பொய். கலைப்பட்டத்துக்குச் சட்ட அனுமதி முழுசாக இருக்கிறது. தர உறுதிப்பாட்டுக்கு ஆணைக்குழுவின் மீளாய்வுக் குழுக்களும் வருகின்றன. ஒரு பீடத்தில் அப்படி ஒரு குழு வந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம். வருவதற்கு முதல் கிழமை சுவருக்கு வெள்ளையடிப்பு. வருசக்கணக்காக உடைந்து கிடந்த மலசலகூடக் கதவு ஒரே நாளில் பூட்டப்பட்டது. அலுவலகத்தில் கோப்புகள் மலையாகக் குவிந்தன. குழுவோடு கதைக்க மாணவரைத் தேடினபோது, 'நல்லாக் கதைக்கிற பிள்ளையள்' தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் போதாது என்று சொல்ல நினைத்தவர்கள் அன்றைக்கு அழைக்கப்படவில்லை.

ஆனால் அந்த மலசலகூடக் கதவு பிறகும் பூட்டித்தான் இருக்கிறது. அதையும் சொல்லவேண்டும். வெளியாள் ஒருவர் வந்து பார்ப்பார் என்ற பயம்கூட ஏதோ ஒன்றைத் திருத்துகிறது. 1919 இன் நியமமும் அப்படித்தான். நடிப்பும் திருத்தமும் கலந்த ஒன்று.

மூன்றாவது படியில் எங்கட நிலை இன்னும் மோசம். வேலையற்ற பட்டதாரிகள் வடக்கு கிழக்கில் வெயிலுக்குள் கூடாரம் போட்டு இருந்ததை நாங்கள் பாடசாலைப் பிள்ளையளாகப் பார்த்தோம். அவர்களுடைய பட்டத்தை யாரும் போலி என்று சொல்லவில்லை. அரசு கொடுத்த பட்டம், அரசே ஏற்ற பட்டம், ஆனால் வேலைச் சந்தையில் ஏற்பு இல்லை. நண்பிக்கு முதல் படியிலேயே தடுக்கியது. எங்களுக்கு மூன்றாவது படியில் காத்திருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வதால், அவள் ஏமாந்தவள், நாங்கள் கெட்டிக்காரர் என்று ஒரு பொய்க் கணக்கு ஊரில் ஓடுகிறது.

தேடினதில் நாங்கள் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். அங்கீகாரம் என்பது ஒரு சாட்சி. சாட்சியைக் கேட்டால் மூன்று விசயம் விசாரிக்க வேண்டும். யார் சொல்கிறார்? எதைப் பற்றிச் சொல்கிறார், நிறுவனத்தைப் பற்றியா, அந்தக் கற்கைநெறியைப் பற்றியா? யாருக்காகச் சொல்கிறார், அவருடைய சொல்லை நான் போய் நிற்கப்போகிற இடத்தில் யாராவது நம்புவார்களா? வட்டுக்கோட்டை மாணவருக்குச் சென்னை சொன்ன சாட்சி நம்பப்பட்டது. நண்பியின் மூன்று வட்டங்களை அந்த மேசையில் யாரும் நம்பவில்லை.

அவள் இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டு, கணக்கியல் தொழில்முறைப் பரீட்சையின் முதல் கட்டத்துக்குப் படிக்கிறாள். நகைகளில் பாதி இன்னும் மீட்கப்படவில்லை. அவளுடைய தம்பி இந்த வருசம் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் எழுதுகிறான். போன கிழமை ஒரு விளம்பரத்தைப் படம் பிடித்து எங்கட குழுவுக்கு அனுப்பியிருந்தான்: "அண்ணையாக்கள், அக்காக்கள், இது நல்லதோ?" நாங்கள் நல்லது என்றோ கூடாது என்றோ எழுதவில்லை. அந்த மூன்று கேள்வியையும், எந்த வர்த்தமானியில் தேடவேண்டும் என்பதையும் அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் அவன் பதில் போட்டான்: "நிறுவனத்துக்குப் போன் எடுத்துக் கேட்டனான். வர்த்தமானி இலக்கம் என்னெண்டு கேக்க, பிறகு எடுக்கிறம் எண்டு சொல்லிட்டினம்."

அவர்கள் இன்னும் எடுக்கவில்லை.